லுவோவின் இடது காது

செவ்வாய்க்கிழமை காலை கஞ்சி எடுக்கப் போன லுவோ ஜென்பாங், குக்கர் மூடியின் மேல் ஒரு சீட்டைக் கண்டார். மனைவி யாச்சினின் கையெழுத்து.

"நான் ஷெங்-ச்சியில் இருக்கிறேன். என்னோடு பேச்சு வைத்துக்கொள்ள வேண்டாம். கஞ்சி உள்ளே இருக்கிறது."

லுவோ மூன்று முறை படித்தார். ஷெங்-ச்சி என்று பெண்டாட்டி எழுதிவைத்தால் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம். இதற்கு அகராதி வேண்டியதில்லை, கல்யாணம் ஆகியிருந்தால் போதும். அவருக்கு விளங்காதது ஒன்றுதான். கோபப்படும்படி என்ன செய்தோம்?

அவர் ஒன்றும் செய்யக்கூடியவர் அல்ல. செங்டுவில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். லேத் இரைச்சலில் பேசினால் யாருக்கும் கேட்காது என்பதால் பேசுவதையே விட்டவர். அந்த இரைச்சலில் இடது காதும் போய்விட்டது. தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். வலது பக்கம் வந்து கத்துவார்கள். எங்கள் ஊரில் பெண்டாட்டி சொல்லுக்குத் தலையாட்டுகிறவனுக்கு மெத்துக்காதுக்காரன் என்று பட்டப்பெயர் உண்டு. "லுவோவுக்கு ஒரு காது மெத்து, ஒரு காது செத்து" என்று தேநீர்க் கடையில் கேலி செய்வார்கள். அதற்கும் அவர் "உம்" என்பார்.

இரண்டு பேருக்கான பேச்சையும் யாச்சினே பேசிவந்தாள். முட்டைக்கோசுக்காரி மருமகளிடம் என்ன சொன்னாள், மருமகள் திருப்பி என்ன சொன்னாள், இவள் நடுவில் புகுந்து என்ன சொன்னாள் எல்லாம் வரும். லுவோ "உம்" கொட்டுவார். முப்பத்து நாலு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. அந்த வீட்டில் முதல் தடவையாகச் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

எட்டு மணிக்கு யாச்சின் ஆற்றங்கரைப் பூங்காவிலிருந்து திரும்பி வந்தாள். வசந்த காலத்திலிருந்து அங்கே தினமும் மூச்சுப் பயிற்சிக்குப் போகிறாள். லுவோ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றார்.

யாச்சின் நேரே கூடத்தின் நடுவில் போய்க் கால்களை அகட்டி, முட்டியை மடக்கி, குதிரைமேல் உட்கார்ந்தவளைப் போல நின்றாள். இரண்டு கையையும் முஷ்டி பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். கண்ணை உருட்டி விழித்தாள். பிறகு வலது முஷ்டியை மெல்ல, மிக மெல்ல, அவர் உட்கார்ந்திருந்த திசையில் நீட்டினாள்.

லுவோ ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தார்.

"யாச்சின், எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம்."

முஷ்டி இன்னும் ஒரு சாண் முன்னே வந்தது.

"பச்சைச் சால்வை விஷயந்தானே? யாரு சொன்னா? சரி, ஒத்துக்கறேன். சலவைக்கடை ஹூ அதைத் தொலைக்கலை. நான்தான் பஸ்ல விட்டுட்டு இறங்கிட்டேன்."

முஷ்டி அந்தரத்தில் நின்றது. சலவைக்கடை ஹூவிடம் யாச்சின் முகம் கொடுத்துப் பேசி எட்டு வருஷம் ஆகிறது. அவன் கடை வாசலை மிதிக்கக் கூடாது என்று துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் போய்வருகிறாள். அவளுடைய கண்கள் ஏற்கெனவே உருண்டிருந்ததைவிட இன்னும் உருண்டன. மூக்கு வழியாக ஒரு நீண்ட மூச்சு வந்தது. அப்புறம் குதிகால்களைத் தூக்கித் தரையில் தொம்மென்று ஏழு முறை இடித்துவிட்டு உள்ளே போனாள்.

சால்வை இல்லை போலிருக்கிறதே, வேறு எதுவோ என்று லுவோ நினைத்தார்.

புதன்கிழமை புகழ்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தார். ஆனால் பழக்கமில்லாதவன் புகழ்ந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று அவனுக்கே தெரியாது.

"கல்யாணமான புதுசுல முடியைச் சுருட்டைவிட்டுக்கிட்டு வந்தியே, ஞாபகம் இருக்கா? எப்படி இருக்குன்னு கேட்டே. நான் 'உம்'னேன். அது உனக்கு மனசுல இருந்துச்சுன்னா, இப்ப சொல்றேன். நல்லா இருந்துச்சு."

பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்த யாச்சின் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் ஊக்கம் இருப்பதாக லுவோவுக்குத் தோன்றியதுதான் வினை.

"மொதல்ல பாக்கறப்ப காலிஃப்ளவர் மாதிரி இருந்துச்சு. ஆனா பழகப் பழகச் சரியாப் போச்சு."

அவள் பீன்ஸை முறித்த சத்தம் அடுத்த அறைவரை கேட்டது.

வியாழக்கிழமை கீழ்வீட்டு சியோங் மாடியேறி வந்தார். லுவோவைவிடப் பத்து வயது மூத்தவர். அந்தக் காலத்தில் பூங்காவில் எல்லாப் பயிற்சியும் பழகி, முட்டி தேய்ந்ததால் அதையெல்லாம் நிறுத்திவிட்டவர். வந்ததும் லுவோவின் வலது காதில் கத்தினார்.

"தம்பி! உங்க வீட்ல என்ன, மாவு இடிக்கிறீங்களா? மூணு நாளா என் தலைக்கு மேல ஏழு தொம்மு!"

"யாச்சின்தான் அண்ணே. கோபத்துல இருக்கா. ஆளையே அடிக்கிற மாதிரி முஷ்டியைத் தூக்கிட்டு வர்றா." சீட்டை எடுத்துக் காட்டினார்.

சியோங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படித்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அட மக்கு! இது அந்த ஷெங்-ச்சி இல்லய்யா! ச்சின்னா மூச்சு, உயிர்க்காத்து. ஷெங்னா உண்டாக்கறது. உடம்புல ச்சியை உண்டாக்கிட்டு இருக்கேன்னு எழுதியிருக்கா. எழுத்து ரெண்டுக்கும் ஒண்ணுதான். நீ புருஷன்ங்கறதால கோபம்னு படிச்சிருக்கே!"

"அப்ப முஷ்டி?"

"எட்டுப் பட்டுன்னு மூச்சுப் பயிற்சி, மொத்தம் எட்டு அசைவு. அதுல இது ஏழாவது. முஷ்டி பிடிச்சு முறைச்சுப் பார்த்தா பலம் ஏறும். எட்டாவது, குதிகாலை ஏழு தடவை இடிச்சா நூறு நோய் ஓடும். நோய் ஓடுதோ இல்லையோ, என் தூக்கம் ஓடிப்போச்சு."

"பேசக் கூடாதுன்னு எழுதியிருக்காளே?"

"வாயைத் தொறந்தா சேத்து வச்ச ச்சி வெளிய போயிடும். மௌனத்துல நின்னு அடித்தளம் போடணும். எங்க வாத்தியார் காலத்துல நூறு நாள்."

"நூறு நாளா!" லுவோ கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். பனிக்காலமே வந்துவிடும். பிறகு வேறொன்று உறைத்தது. "அப்ப அவளுக்குக் கோபமே இல்லையா?"

"இல்லவே இல்லை. நீயா எதையாவது உளறி வைக்காத வரைக்கும்." சியோங் அவரைக் கூர்ந்து பார்த்தார். "உளறினியா?"

"கொஞ்சம்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று யாரும் கேட்காமலே போய்ச் சொன்ன பிள்ளையின் கதை நமக்குத் தெரியும். லுவோ குதிரின் மூடியையே திறந்து காட்டிவிட்டு வந்திருந்தார்.

"இப்ப நெசமாவே கோபமா இருப்பாளே அண்ணே. நூறு நாளைக்கு வாயைத் தொறக்காம, உள்ளயே வச்சு வளர்த்துக்கிட்டு..."

"வாயால கெடுத்ததை உடம்பால சரிபண்ணு. அவ பக்கத்துல போய் நில்லு. அவ கையைத் தூக்கினா நீயும் தூக்கு. ஒண்ணா மூச்சு விடறவங்களுக்குள்ள சண்டை நிக்காது."

இது நல்ல யோசனைதான். தப்பு யோசனையில் இல்லை.

சனிக்கிழமை யாச்சின் கூடத்தில் பயிற்சிக்கு நின்றபோது லுவோவும் பக்கத்தில் போய் நின்றார். அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள், விரட்டவில்லை. இரண்டு கையாலும் வானத்தைத் தாங்கினார்கள். லுவோவின் தோள்பட்டை சடக்கென்று ஒரு சத்தம் போட்டது. யாச்சின் தன் விரலால் அவருடைய முழங்கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திவிட்டாள். ஐந்து நாளில் அவள் அவரைத் தொட்டது அதுதான் முதல் முறை. லுவோவுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

இரண்டாவது, வில்லை வளைத்துக் கழுகை அடிப்பது. இடது கையை நீட்டி, வலது கையால் நாணை இழுக்க வேண்டும். குளிர்ந்த நெஞ்சோடு லுவோ கொஞ்சம் அதிகமாகவே இழுத்தார். அவருடைய வலது முழங்கை அலமாரியில் இருந்த ஊறுகாய் ஜாடியில் போய் மோதியது.

சாதாரண ஜாடி இல்லை. யாச்சினுடைய அம்மா கல்யாணத்தன்று கொடுத்தனுப்பிய உப்புநீர் அதில் இருக்கிறது. காய் மாறும், மிளகாய் மாறும், தாய் உப்புநீர் மட்டும் மாறாது. எங்கள் ஊரில் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய சீர் கிடையாது. அறுபது வருஷத்துத் தண்ணீர் என்று அவள் வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு துண்டு முள்ளங்கி கொடுத்துப் பெருமை அடித்துக்கொள்வாள்.

ஜாடி ஆடியது. யாச்சின் ஒரே பாய்ச்சலில் போய் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. அவள் பயந்ததைப் பார்த்து லுவோவுக்குத் தாங்கவில்லை. ஆறுதல் சொல்ல வேண்டும் என்று பட்டது.

"பதறாதே யாச்சின், பதறாதே! அது ஒண்ணும் உங்கம்மா தண்ணியே இல்லை!"

கடிகாரம் நன்றாகக் கேட்டது.

"நீ உன் தங்கச்சி பிரசவத்துக்குப் போயிருந்தப்ப கை தவறிக் கொட்டிட்டேன். உக்காந்து அழுதேன், சத்தியமா. அப்புறம் கீழ சியோங் அண்ணன் வீட்டு ஜாடிலேருந்து வாங்கி ஊத்தினேன். வந்ததும் நீ ஒரு துண்டு தின்னுட்டு, 'எங்கம்மா கைப்பக்குவம்'னு கண்ணைத் துடைச்சுக்கிட்டே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

சியோங் வீட்டு ஊறுகாயை வாயில் வைக்க முடியாது என்று இருபது வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவள் யாச்சின். ஜாடியைக் கீழே வைத்தாள்.  பிறகு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதற்குள் வீட்டின் அமைதியைத் தாங்க முடியாமல் லுவோவே பேச ஆரம்பித்திருந்தார். கதவுக்கு வெளியே நின்று பேசினார். அவள் துணி மடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். தான் முதன்முதலில் லேத்தில் கடைந்த இரும்பு உருளை கோணலாக வந்ததைச் சொன்னார். பஸ் வரிசையில் அவளை முதலில் பார்த்தபோது அவள் இரண்டு கையிலும் ஆவி பறக்கும் பன் வைத்துக்கொண்டு, முன்னால் நின்றவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததைச் சொன்னார். அந்தச் சண்டையைக் கேட்பதற்காகவே தன்னுடைய பஸ்ஸை விட்டுவிட்டதையும் சொன்னார். யாச்சின் மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். 

ஞாயிற்றுக்கிழமை சியோங் ஒரு கிண்ணத்தோடு வந்தார்.

"என் வாசல்ல ஊறுகாய் வச்சிருக்கா உன் பெண்டாட்டி. முள்ளங்கி, மிளகாய், எல்லாம் நல்லதாப் பொறுக்கி. எனக்குப் பயமா இருக்கு தம்பி."

திங்கட்கிழமை சலவைக்கடை ஹூ தெருவில் மடக்கினான். "உங்க வீட்டம்மா கடைக்கு வந்து ஒரு பை ஆரஞ்சு வச்சுட்டு, என் கையைப் பிடிச்சுக் கும்பிட்டுட்டுப் போறாங்கண்ணே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

லுவோவும் சியோங்கும் படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"ஊரை விட்டுப் போறவங்கதான் இப்படிப் பழைய பகையெல்லாம் தீர்த்துட்டுப் போவாங்க" என்றார் சியோங்.

"எங்க போவா?"

"தங்கச்சி வீடு எங்க?"

"குன்மிங்ல, அடுத்த மாகாணம்."

சியோங் லுவோவின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அது லுவோவை இன்னும் கலக்கியது.

புதன்கிழமை மாலை தேநீர்க் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கூடத்தில் பழுப்புப் பெட்டி திறந்து கிடந்தது. ஒரு பாதியில் யாச்சினுடைய துணிகள் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. மறுபாதி காலி. முப்பத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்தியவள் எடுத்துப் போவதற்கு இந்த வீட்டில் பாதிப் பெட்டிக்குக்கூடச் சாமான் இல்லையா என்று நினைத்தார். 

யாச்சின் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு பித்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள். லுவோ போய் எதிரே உட்கார்ந்தார். இன்னும் ஒன்றுதான் பாக்கி இருந்தது. இதைச் சொன்னால் அவள் போவது நிச்சயம் என்று தெரியும். ஆனால் பொய்யை வைத்துக்கொண்டு போகாதே என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"என் இடது காது செவிடு இல்லை, யாச்சின்."

ஊசி நின்றது.

"பட்டறை டாக்டர் பாத்தப்ப மந்தம்னாரு. ஒரு மாசத்துல தானாச் சரியாப் போச்சு. நான்தான் சொல்லலை. பத்தொம்பது வருஷமாச் சொல்லலை. எனக்குப் பதில் பேச வராது. என்ன சொல்லலாம்னு நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நீ அடுத்த சங்கதிக்குப் போயிடுவே. செவிடன்னா யாரும் பதில் எதிர்பார்க்க மாட்டாங்க. அதான் இடது பக்கத்தை உன் பக்கம் வச்சு உக்காந்துக்கிட்டேன்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஆனா நீ சொன்னது ஒண்ணு விடாம கேட்டேன். உன் தங்கச்சி வீட்டுப் பூனை நாலு குட்டி போட்டது, அதுல ஒண்ணுக்கு வால் இல்லாதது, எல்லாம். உங்கம்மா தவறிப்போன வருஷம், எனக்குக் கேக்காதுன்னு நெனச்சு இந்தக் காதுகிட்ட வந்து அழுதுக்கிட்டே பேசினியே. 'இனி என்னைத் திட்டறதுக்கு யாரு இருக்கா'ன்னு. அதையும் கேட்டேன். அன்னிக்காவது வாயைத் தொறந்திருக்கணும். பயமா இருந்துச்சு. காது கேக்குதுன்னு தெரிஞ்சுட்டா, அத்தனை வருஷமும் ஏன் சும்மா இருந்தேன்னு கேப்பியேன்னு. இப்ப நீயே கேளு. திட்டு. முஷ்டியால ரெண்டு குத்துகூடக் குத்து. போக மட்டும் போகாதே. நீ பேசாத வீட்ல எனக்கு மூச்சு முட்டுது."

யாச்சின் எழுந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. லுவோ கைநீட்டப் போவதற்குள் சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே தண்ணீர்க் குழாய் முழு வேகத்தில் ஓடும் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை காலை அவர் எழுந்தபோது அவள் பூங்காவுக்குப் போய்விட்டிருந்தாள். பெட்டி அங்கேயே இருந்தது. லுவோ சட்டைப் பித்தானை ஏற்றி இறக்கிப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினார். அந்தப் பயிற்சி வாத்தியாரம்மா காலில் விழுந்தாவது நூறு நாளைப் பத்து நாளாகக் குறைக்கச் சொல்வது என்று முடிவு.

தூரத்தில் கிங்கோ மரங்களுக்குக் கீழே இருபது பெண்கள் வரிசையாக நின்று வானத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் யாச்சினுடைய முதுகு தெரிந்தது. முதுகைப் பார்த்ததுமே லுவோவின் கால் தயங்கிவிட்டது. பூங்கா வாசலில் ரொட்டி சுடும் பான் அக்காவின் அடுப்புப் பக்கம் ஒதுங்கி நின்றார். பயிற்சிக்கு முன்னாலும் பின்னாலும் பெண்கள் கூட்டம் வந்து உட்காருவது அங்கேதான்.

பான் அக்கா அவருடைய இடது பக்கமாக வந்து, வாய்க்குள்ளேயே கேட்பது போல மெல்லக் கேட்டாள். "ரொட்டி ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணும் வேண்டாங்க."

"நல்லாத்தான் கேக்குது!" என்று அவள் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

லுவோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன கேக்குது?"

"காதைச் சொல்றேன் அண்ணே. வெக்கப்படாதீங்க, மலைக்குப் போறப்ப எங்க எல்லாருக்கும் அந்த பஸ் வரிசைக் கதையைச் சொல்லணும். பெட்டில உங்க துணியை அடுக்கியாச்சா? பாதி எடம் விட்டு வச்சிருக்காளே."

"என் துணியா? எந்த மலைக்கு?"

"சிங்செங் மலைக்கு, நாளன்னிக்கு. கூட்டத்தோட போயி நாலு நாள் மூச்சுப் பயிற்சி. ரெண்டு பேருக்குன்னு பேர் குடுத்திருக்கா. இத்தனை வருஷத்துல அவ புருஷனைக் கூட்டிட்டு ஒரு எடத்துக்குப் போறா, அந்தச் சந்தோசத்தைப் பாக்கணுமே!"

லுவோ அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது, புகையால் என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் போகவில்லை. போனாலும் தன்னோடுதான் போகிறாள். பாதிப் பெட்டி தனக்கு. சிறிது நேரம் அதுவே போதுமாக இருந்தது.

பிறகுதான் மெல்ல உறைத்தது. காது விஷயத்தை அவர் நேற்று மாலை ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னார். அந்த ஒருத்தி வாயைத் திறக்கக் கூடாதவள்.

"அக்கா, என் காது விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்? அவதான் நூறு நாள் மௌனத்துல இருக்காளே?"

பான் அக்கா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"நூறு நாளா? மூணு நாள் மௌனந்தான் அண்ணே, அது போன வியாழக்கிழமையே முடிஞ்சு போச்சு. 'நான் வாயைத் தொறந்தா அந்த மனுஷன் மூடிக்குவாரு, இன்னும் கொஞ்ச நாள் கேட்டுக்கறேனே'ன்னு தெனமும் இங்க உக்காந்து எங்க காது ரெண்டும் செவிடாகிற வரைக்கும் பேசிட்டுத்தான் வீட்டுக்குப் போறா!"